உயர வானும் ஜேர்மனிய விமான எஞ்சின்களும்

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபோது, தமிழாசிரியராகிய யாம் சங்க இலக்கியத்தைப் பற்றியோ நாவலர் பெருமானின் உரைநடையைப் பற்றியோ எழுதுவோம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். யாமும் முதலில் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆயின் சென்ற தவணையிற் பத்தாந் தரத்து மாணவன் ஒருவன் எம்மிடம் கேட்ட வினா ஒன்று எம்மை வேறு திசைக்கு இழுத்துச் சென்றுவிட்டது.

பழைய மாணவர் அன்பளித்த நூல்களுள் இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களைப் பற்றிய படநூல் ஒன்றும் உண்டு. அதனைக் கையில் ஏந்தி வந்த அம்மாணவனின் தந்தையார் நெல் ஏற்றும் லொறி ஓட்டுபவர். “சேர், அப்பாவின்ரை லொறியின் முன்பக்கத்திலை டர்போ எண்டு எழுதியிருக்கு. அவ்வளவு கெட்டிக்காரரான ஜேர்மன்காரர் தங்கடை பிளேனுகளுக்கு அதைப் பூட்டேல்லை எண்டு இந்தப் புத்தகம் சொல்லுது. அவங்களுக்கு அது தெரியாதோ?” என்று அவன் கேட்டான். தெரியாது என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். தமிழாசிரியனுக்கு அதனால் இழுக்கொன்றுமில்லை. எனினும் வினா எம்மை விடவில்லை. சில மாதங்கள் கிடைத்தவற்றையெல்லாம் படித்தோம். விஞ்ஞானம் கற்பிக்கும் எம் நண்பர் ஒருவர் பொறுமையுடன் எமது பிழைகளைத் திருத்தினார். அவ்வாறு பெற்ற விடையையே இங்கு வரைகின்றோம்.

முதற்கண் எஞ்சின் ஒன்று எதனை உண்டு வாழ்கின்றது என்பதனை நோக்குவோம். பெற்றோலை உண்டு என்பர் பலர். அது பாதி உண்மை. ஒரு கிலோகிராம் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 15 கிலோகிராம் காற்று வேண்டும். ஆதலின் நிறையளவில் எஞ்சினின் பேருணவு காற்றேயாகும். கடல்மட்டத்தில் இந்தக் காற்று ஏறத்தாழ 12 கன மீற்றர் இடத்தில் அடங்கும். 10,000 மீற்றர் உயரத்திலோ காற்று மூன்றில் ஒரு பங்கு செறிவே உடையது. அதே காற்றைப் பெற 36 கன மீற்றர் இடத்தை வெறுமையாக்க வேண்டும். ஆனால் எஞ்சினின் உருளைகள் உயரத்துக்கு ஏற்ப விரிவன அல்லவே. கீழே எவ்வளவு கன அளவை உறிஞ்சினவோ அவ்வளவையே மேலேயும் உறிஞ்சும். எனவே, மேலே செல்லச் செல்ல எஞ்சின் அரைவயிறும் கால்வயிறுமாக உழைக்க நேரிடுகின்றது. நுவரெலியாவுக்கு ஏறும் பழைய பஸ்கள் றம்பொடை வளைவுகளில் மூச்சு வாங்குவதை நம்மிற் பலர் அறிவர். அதற்குப் பாதையின் செங்குத்தே முதற் காரணம் எனினும், 1,800 மீற்றருக்கு மேற்பட்ட அந்நகரத்துக் காற்றுக் கடற்கரைக் காற்றிலும் ஆறிலொரு பங்கு செறிவு குறைந்தது என்பதும் உண்மை.

இக்குறையை நீக்க முதன்மையான வழி ஒன்று உண்டு. ஐதான காற்றை முன்னரே நெருக்கி, செறிவாக்கி, உருளைக்குள் வலிந்து ஊட்டவேண்டும். அவ்வாறு ஊட்டும் விசிறியைச் சுப்பர்சார்ஜர் என்பர். யாம் அதனைக் காற்றூட்டி என்று வழங்குவோம். இவ்விசிறி நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலவேண்டும். அதனைச் சுழற்றுவது யார் என்ற இடத்திலேதான் வழி இரண்டாகப் பிரிகின்றது. எஞ்சினின் சொந்த அச்சிலிருந்தே பற்சில்லுகள் மூலம் சுழற்றுவது ஒரு வழி. இது எளியது, நம்பத்தக்கது. ஆனால் எஞ்சின் தான் உழைத்ததில் நூற்றுக்கு மேற்பட்ட குதிரைவலுவை இந்த விசிறிக்கே செலவிட நேரிடும். மற்றைய வழி, எஞ்சின் வீணாக வெளியே துப்பும் சூடான புகையை ஒரு சில்லின் மீது பாய்ச்சி, அச்சில்லைக்கொண்டு விசிறியைச் சுழற்றுவது. லொறியின் நெற்றியில் எழுதப்பட்ட டர்போ இதுவே. இதற்குப் புகைச்சுழலி என்று யாம் பெயரிட்டுள்ளோம். பெயர் அழகில்லை என்று விஞ்ஞான நண்பர் முகஞ்சுளித்தார். பொருள் விளங்குகின்றதல்லவா என்று சொல்லி அவரை அமைதிப்படுத்தினோம்.

புகைச்சுழலியின் கருத்து மிகப் பழையது. சுவிற்சர்லாந்து நாட்டுப் பொறியியலாளர் அல்பிரெட் பூஹி 1905ஆம் ஆண்டிலேயே இதற்கு ஆக்கவுரிமை கோரினார். 1918ஆம் ஆண்டில் அமெரிக்கரான சான்போர்ட் மொஸ், விமான எஞ்சின் ஒன்றை லொறியில் ஏற்றி, கொலராடோ மாநிலத்தில் 4,300 மீற்றர் உயரமுள்ள பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தார். கீழே 350 குதிரைவலு தந்த எஞ்சின் அங்கே 230 மட்டுமே தந்தது. புகைச்சுழலியைப் பூட்டியதும் 356 தந்தது. மலையுச்சிக்கு எஞ்சினைச் சுமந்து சென்று ஐயந்தீர்த்த இச்செயலை மாணவர்கள் நினைவிற் கொள்வார்களாக. எனவே, கருத்து எவருக்கும் மறைபொருளாய் இருந்ததில்லை. ஜேர்மனியரும் அதனை நன்கு அறிவர்.

இந்த எஞ்சின்களெல்லாம் எங்கோ தொலைதூர நாடுகளில் மட்டும் முழங்கியவை என்று எண்ணற்க. எமது வன்னியின் வானத்திலும் அவை பறந்தன. வவுனியா விமானத்தளம் அப்போரின்போது பிரித்தானிய அரச விமானப்படையினரால் அமைக்கப்பட்டது. அப்படையின் 22ஆம், 217ஆம் அணிகளின் போபோர்ட் விமானங்களும் 1944இல் அவற்றுக்கு ஈடாக வந்த போபைற்றர் விமானங்களும் அங்கிருந்து புறப்பட்டன. இங்கு ஒரு நயம் காண்க. கப்பல்களைத் தாக்கவென அமைந்த போபைற்றரின் வேலை கடல் மட்டத்தை ஒட்டியே நடப்பது. உயர வானுக்கென அமைத்த பெரிய காற்றூட்டி தாழ்வான இடத்தில் வலுவை வீணே விழுங்கும். ஆதலின் அவ்விமானத்துக்குரிய ஹேர்க்குலிஸ் எஞ்சினின் காற்றூட்டி விசிறியை வேண்டுமென்றே வெட்டிச் சிறிதாக்கி, 500 அடி உயரத்தில் 1,735 குதிரைவலு பெற்றார்கள். இதற்கு நேர்மாறாக, சிகிரியாவிலும் காங்கேசன்துறையிலும் மின்னேரியாவிலும் இருந்து இயங்கிய 160ஆம் அணியின் அமெரிக்க லிபரேற்றர் விமானங்கள், நான்கு எஞ்சினுக்கும் நான்கு புகைச்சுழலி பூண்டவை. 1942 ஏப்பிரில் 5ஆம் நாள் கொழும்பையும் 9ஆம் நாள் திருக்கோணமலையையும் யப்பானியர் தாக்கியபோது எதிர்த்தெழுந்த ஹரிக்கேன்களின் பெரும்பாலானவை, மேர்லின் எஞ்சினும் இரு வேகக் காற்றூட்டியும் உடையவை. யப்பானியரின் சீரோ விமானத்தின் காற்றூட்டிக்கு அப்போது ஒரு வேகமே. எஞ்சினளவில் ஹரிக்கேனே வலுமிக்கது. ஆயினும் நிலத்திலிருந்து மேலெழும் வேளையிலேயே அவற்றுட் பல அகப்பட்டுக்கொண்டமையால், உயரத்துக்கென அமைந்த கருவி உதவவில்லை.

இனி ஜேர்மனியர் செய்தது யாதெனப் பார்ப்போம். மெஸ்ஸர்ஷ்மித் 109 விமானத்தில் அமைந்த டெய்ம்லர் பென்ஸ் 601 எஞ்சின் பன்னிரண்டு உருளைகளைத் தலைகீழாக உடையது. காற்றூட்டி அதன் இடப்பக்கத்தில் குறுக்காகப் பொருத்தப்பட்டது. எஞ்சினின் பின்புறத்தில் துப்பாக்கிக்கு இடம் விடுவதற்காகவே இந்த ஏற்பாடு. துப்பாக்கியின் குழல் சுழல்விசிறியின் நடுவால் வெளியே செல்லுமாறு வகுத்திருந்தனர். ஆனால் வியக்கத்தக்கது காற்றூட்டி இருந்த இடம் அன்று. அதனைச் சுழற்றிய விதமே.

பற்சில்லால் ஓடும் காற்றூட்டியின் குறை யாதெனின், அது எஞ்சினின் வேகத்துக்கே கட்டுண்டது. தாழ்வான இடத்தில் காற்று ஏராளமாக இருக்கும்போதும் அது முழு வேகத்திற் சுழன்று வலுவைத் தின்னும். பிரித்தானியர் இதற்கு இரண்டு கியர் வைத்தார்கள். தாழ்வுக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட உயரங்களில் இரண்டும் பொருந்தாமல் எஞ்சின் சற்றுத் தளரும். டெய்ம்லர் பென்ஸ் பொறியியலாளரோ கியரையே தவிர்த்து, நடுவில் எண்ணெயை வைத்தனர்.

மேசையில் இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள். அதன் காற்றுப் பட்டு மற்றையதும் மெல்லச் சுழலத் தொடங்கும். காற்றுக்குப் பதிலாக எண்ணெயையும், விசிறிகளுக்குப் பதிலாக உள்ளே தகடுகள் பதித்த இரண்டு கிண்ணங்களையும் நினைத்துக்கொள்க. எஞ்சின் ஒரு கிண்ணத்தைச் சுழற்ற, அது வீசும் எண்ணெய் மற்றைய கிண்ணத்தைத் தள்ள, அக்கிண்ணம் காற்றூட்டியைச் சுழற்றுகின்றது. எண்ணெய் நிறைந்திருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்திற் செல்லும். எண்ணெய் குறைந்தால் இரண்டாவது வழுக்கிப் பின்தங்கும். எவ்வளவு எண்ணெய் விடவேண்டும் என்பதனை வளிமண்டல அமுக்கத்தை உணரும் ஒரு சிறு கருவியே தீர்மானித்தது. விமானம் ஏற ஏற எண்ணெய் கூடும், வழுக்கல் குறையும், காற்றூட்டி விரைவுபெறும். விமானி எதனையும் தொடவேண்டியதில்லை. படியில்லாத ஏணி என்று இதனைச் சொல்லலாம். எண்ணெயின் வழுக்கலில் வலுவின் ஒரு பகுதி சூடாக மாறி வீணாவது உண்மைதான். எனினும் அக்காலத்து மதிநுட்பங்களுள் இது தலையாயது என்பதே எமது கருத்து.

இத்துணை வல்லவர்கள் புகைச்சுழலியை ஏன் கைக்கொள்ளவில்லை? கைக்கொள்ள முயன்றார்கள் என்பதே உண்மை. போக்கெ வுல்ப் 190 விமானத்தின் ஒரு பரிசோதனை வடிவத்தில், டெய்ம்லர் பென்ஸ் 603 எஞ்சினுடன் புகைச்சுழலியைச் சேர்த்து வயிற்றுப்புறத்திற் பூட்டினர். வயிறு பருத்துத் தொங்கியமையால் அதற்குக் கங்காரு என்ற பட்டப்பெயரும் கிடைத்தது. 1943இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. பி.எம்.டபிள்யூ. 801 எஞ்சினுக்குப் புகைச்சுழலி பூட்டிய வடிவம் யுங்கர்ஸ் 388 விமானத்தில் பயன்பட்டது. அது வந்து சேர்ந்தபோது போரே முடியும் தறுவாயில் இருந்தது. செய்யப்பட்டவை மிகச் சிலவே.

தடை எங்கே என்றால், உலோகத்தில். பெற்றோல் எஞ்சினின் புகை 900 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட சூடுடையது. அப்புகை மோதும் தகடுகள் செந்தணலாய் ஒளிரும் நிலையிலேயே நிமிடத்துக்கு இருபதினாயிரம் சுற்றுக்களைத் தாங்கவேண்டும். சாதாரண உருக்கு அச்சூட்டில் மெழுகுபோல நீண்டுவிடும். நிக்கல், குரோமியம், கோபால்ற்று முதலிய உலோகங்களைத் தாராளமாகச் சேர்த்த கலப்புலோகமே அங்கு நிலைக்கும். நிக்கலுக்குப் பின்லாந்தின் பெற்சாமோச் சுரங்கத்தையும் குரோமியத்துக்குத் துருக்கியையும் நம்பியிருந்தது ஜேர்மனி. துருக்கி 1944 ஏப்பிரிலில் அனுப்புவதை நிறுத்தியது. பெற்சாமோ அதே ஆண்டு ஒக்டோபரில் சோவியத் படையிடம் வீழ்ந்தது. அதற்கு முன்னரும் கையிருப்பைத் தானியம்போல அளந்தே செலவிட்டனர்.

எதிர்ப்பக்கத்தில் கனடாவின் நிக்கல் இருந்தது. இன்னொரு புதுமையும் நிகழ்ந்தது. அமெரிக்கர் தம் புகைச்சுழலித் தகடுகளுக்கு ஏற்ற உலோகத்தைத் தேடி, கடைசியில் பல்வைத்தியரிடம் கண்டுபிடித்தார்கள். பொய்ப்பற்களுக்கென ஆக்கப்பட்டிருந்த விற்றாலியம் என்ற கோபால்ற்று-குரோமியக் கலப்புலோகமே அது. துருவேறாது, அச்சில் நுட்பமாக வார்க்கலாம், சூட்டையும் தாங்கும். பல்லுக்குச் செய்தது பறப்பதற்கு உதவியது. பொருட்களை ஆளும் முறையை யார் எங்கிருந்து கற்கலாம் என்பதற்கு எல்லையே இல்லைப் போலும்.

ஜேர்மனியர் ஓரிடத்தில் மட்டும் புகைச்சுழலியை வெற்றியுடன் ஆண்டார்கள். அவ்விடமும் மேற்கூறிய காரணத்தையே மெய்ப்பிக்கின்றது. யுங்கர்ஸ் நிறுவனத்தாரின் 207 எஞ்சின் டீசலில் ஓடுவது. டீசல் எஞ்சினுக்குள் வேண்டியதிலும் மிகையான காற்றுச் செல்வதால் அதன் புகை பெற்றோல் எஞ்சினின் புகையிலும் சூடு குறைந்தது. சாதாரணமாகக் கிடைக்கக்கூடிய உருக்குகளே அங்கு ஓரளவு தாக்குப்பிடிக்கும். இந்த எஞ்சின்கள் இரண்டைப் பூண்ட யுங்கர்ஸ் 86 விமானத்தின் பிற்கால வடிவங்கள், 12,000 மீற்றருக்கும் மேலே எவரும் எட்டமுடியாத உயரத்திற் பறந்து பிரித்தானியாவைப் படம்பிடித்தன.

1942 ஓகத்து 28ஆம் நாள் அவ்விமானம் ஒன்று பிறிஸ்ரல் நகரின்மீது ஒரேயொரு குண்டைப் போட்டது. தனி விமானம் ஆதலின் மக்கள் பாதுகாப்பிடம் தேடவில்லை. கடைத்தெருவில் நின்ற பஸ்களின் அருகே அக்குண்டு வீழ்ந்தது. நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இதனைப் படித்த இரவு யாம் நூலை மூடிவைத்துவிட்டோம். வானத்து இரைச்சலைக் கேட்டே இது கிபிர், இது வண்டு என்று பிரித்தறியும் ஆற்றல், 2009 வரை எமது வன்னியில் ஆறு வயதுக் குழந்தைக்கும் இருந்தது. இரைச்சல் கேட்டால் பங்கருக்குள் இறங்கவேண்டும் என்பது அக்குழந்தைக்கு நெடுங்கணக்குக்கு முந்திய பாடம். அத்தகைய மண்ணிலிருந்துகொண்டு போர்விமானத்தின் எஞ்சினை நயந்து எழுதுவது தகுமா என்ற ஐயம் எமக்கு இல்லாமலில்லை. படநூல்கள் எஞ்சினையே காட்டுவன, பஸ்ஸைக் காட்டுவதில்லை. டெய்ம்லர் பென்ஸ் முதலிய தொழிற்சாலைகளிற் பிறநாட்டாரும் சிறைமுகாம் கைதிகளும் பலவந்தமாக வேலை வாங்கப்பட்டதையும் அவை காட்டுவதில்லை. ஆதலால் இரண்டையும் சேர்த்தே மாணவனுக்குச் சொன்னோம். இங்கும் அவ்வாறே எழுதுகின்றோம்.

அவ்வுயரத்தை எட்டிய பிரித்தானிய விமானம் எது? 1942 செப்தெம்பர் 12ஆம் நாள் சவுதாம்ற்றனுக்கு மேலே, ஏறத்தாழ 13,000 மீற்றர் உயரத்தில் யுங்கர்ஸ் 86 ஒன்றை ஸ்பிற்பயர் ஒன்று எதிர்கொண்டது. அப்போரிலே மிக உயரத்தில் நிகழ்ந்த விமானச் சண்டை இதுவென்பர். ஜேர்மனிய விமானம் சிறிது காயத்துடன் தப்பிச்சென்றது. ஆனால் அத்தகைய தாக்குதல்கள் அதன்பின் நின்றுபோயின. ஸ்பிற்பயரில் புகைச்சுழலி இல்லை என்பதைக் கவனிக்க. ஸ்ரான்லி ஹூக்கர் முதலியோர் திருத்தியமைத்த மேர்லின் எஞ்சினில், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு காற்றூட்டிகளும் நெருக்கிய காற்றைக் குளிர்விக்கும் ஓர் அமைப்பும் இருந்தன. சுழற்றியவை பற்சில்லுகளே.

குளிர்விப்பு என்றோம். அதன் காரணத்தைச் சைக்கிளுக்குக் காற்றடித்தவர் எவரும் அறிவர். பம்பின் அடி கையைச் சுடும். நெருக்கிய காற்றுச் சூடேறும். சூடேறிய காற்றுடன் கலந்த பெற்றோல், பொறி தட்டுவதற்கு முன்னரோ ஒழுங்கின்றியோ வெடித்து, உள்ளே சுத்தியலால் அடிப்பதுபோல எஞ்சினை இடிக்கும். இதனை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதே எரிபொருளின் தரம். நேச நாட்டார் 100 ஒக்ரேன் தரமும் அதற்கு மேலும் உடைய பெற்றோலைப் பெற்றனர். ஜேர்மனியருக்கு மண்ணிலிருந்து கிடைத்த எண்ணெய் சொற்பம். லொய்னா முதலிய இடங்களில் நிலக்கரியை ஐதரசனுடன் சேர்த்துப் பெற்றோலாக்கினர். அவர்களது பெரும்பாலான எஞ்சின்கள் 87 ஒக்ரேன் எரிபொருளிலேயே ஓடவேண்டியிருந்தன. அதனால் காற்றை மிகவும் நெருக்கமுடியாது. நெருக்கமுடியாவிட்டால் எஞ்சினைப் பெரிதாக்கவேண்டும். மேர்லின் 27 லீற்றர். அதனோடு போட்டியிட்ட டெய்ம்லர் பென்ஸ் 605 எஞ்சின் 35.7 லீற்றர்.

இந்த எண்களைப் படித்தபோது எமக்கு நினைவு வந்தது வேறொரு எஞ்சின். 1990இன் பின் பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளில் வன்னிக்குப் பெற்றோல் வருவதில்லை. எம் அயலவர் ஒருவரிடம் ஏ40 கார் ஒன்று இருந்தது. நோயாளரையும் பிள்ளைப்பேற்றுக்குச் செல்வோரையும் ஏற்றிச்செல்லும் கார் அதுவே. அது மண்ணெண்ணெயில் ஓடியது. ஒரு சிறு போத்தலில் பொன்போலக் காத்த பெற்றோலிற் சில துளிகளை விட்டு எஞ்சினைத் தொடக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்பார்கள். வெண்புகை தெருவை மூடும். மண்ணெண்ணெய் மிகத் தாழ்ந்த தரமுடையது, எஞ்சின் இடித்தது. கராச்சுக்காரர் எஞ்சினின் தலையைக் கழற்றி, ஒரு காஸ்கெற் இருந்த இடத்தில் இரண்டு வைத்துப் பூட்டினார். அறை சற்றுப் பெரிதாகி நெருக்கம் குறைந்தது, இடிப்பு நின்றது, வலுவும் குறைந்தது. முறிகண்டிப் பக்கம் செல்லும்போது பள்ளங்களில் இறங்கித் தள்ளியோரில் சிறுவராயிருந்த யாமும் ஒருவர். அந்தக் கராச்சுக்காரர் பாடசாலையில் நெடுங்காலம் படித்தவரல்லர். 87 ஒக்ரேன் எரிபொருளுக்கென எஞ்சினைப் பெரிதாக்கி நெருக்கத்தை மட்டாக்கிய பொறியியலாளர் செய்த கணக்கும் அவர் செய்த கணக்கும் ஒன்றே. கிடைக்காத பொருளைக் கணக்கில் முதலாவதாக எழுதுவது அக்கணக்கு.

ஜேர்மனியர் கண்ட வேறு இரண்டு உபாயங்களையும் சுருக்கமாகக் கூறுவோம். மெதனோலையும் நீரையும் சமபாகமாகக் கலந்து காற்றூட்டிக்குள் தூவினர். இக்கலவை ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்க, இடிப்பின்றிக் கூடுதலாக நெருக்கமுடிந்தது. இது தாழ்வான உயரங்களுக்கு உதவியது; தொடர்ந்து பத்து நிமிடங்களுக்கு மேற் பயன்படுத்துவதில்லை. உயரத்துக்கோ நைதரசு ஒட்சைட்டைத் திரவமாக்கித் தாங்கியிற் சுமந்து சென்று எஞ்சினுக்குள் விட்டனர். அவ்வாயுவின் நிறையில் 36 சதவீதம் ஒட்சிசன். காற்றிலோ 23 சதவீதமே. வானத்திற் காற்று இல்லையாயின் நிலத்திலிருந்தே கொண்டுபோவோம் என்பது எண்ணம். இது பல்வைத்தியர் நோவு தெரியாதிருக்கக் கொடுக்கும் சிரிப்புவாயுவே. ஒரு பக்கத்தார் பல்வைத்தியரின் உலோகத்தைக் கொள்ள, மறுபக்கத்தார் அவரது வாயுவைக் கொண்டனர். ஆனால் தாங்கி வெறுமையானதும் எஞ்சின் பழைய நிலைக்கே திரும்பிவிடும். தாங்கியின் பாரமோ கூடவே வரும். புகைச்சுழலிக்கு அத்தகைய முடிவில்லை.

1944இல் 605 எஞ்சினுக்கு 603 எஞ்சினின் பெரிய காற்றூட்டியை மாட்டி உயரவலுவைக் கூட்டினர். குர்ட் டாங்க் வகுத்த தா 152 எச் விமானத்தில், யுங்கர்ஸ் 213 எஞ்சினுடன் இரு படி, மூன்று வேகக் காற்றூட்டி, குளிர்விப்பு, மெதனோல் நீர், சிரிப்புவாயு ஆகிய அனைத்தும் ஒருங்கே சேர்ந்தன. புகைச்சுழலி ஒன்று செய்யக்கூடியதைச் செய்ய எத்தனை துணைகள் என்று பாருங்கள். பறந்தவை ஒரு சிலவே. அதற்குள் அவர்களது முயற்சி ஜெற் எஞ்சினுக்குத் தாவியிருந்தது. அங்கும் அதே உலோகம் வழிமறித்தது. 30 சதவீதம் நிக்கல் கொண்ட ரினிடூர் என்ற உருக்கை முதலில் ஆண்டனர். பின்னர் நிக்கலை நீக்கி மங்கனீசைச் சேர்த்த குரோமடூரை ஆண்டனர். தகடுகளை உள்ளே பொள்ளலாக்கிக் குளிர்காற்றைச் செலுத்தினர். அவ்வாறு செய்தும் யுங்கர்ஸ் 004 ஜெற் எஞ்சின் பத்து, இருபத்தைந்து மணிநேரம் ஓடியதும் கழற்றப்படவேண்டியதாயிற்று. பொள்ளலாக்கித் தகட்டைக் குளிர்விக்கும் அம்முறை மட்டும், இன்று பயணிகள் விமானங்களின் ஜெற் எஞ்சின்களில் வாழ்கின்றது.

மாணவனுக்கு இவற்றைச் சொல்லி முடிக்க மூன்று நாட்கள் சென்றன. அவன் பெரிதும் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. “அப்ப அப்பாவின்ரை லொறிக்கு மட்டும் எப்பிடி மலிவாக் கிடைச்சுது?” என்று கேட்டான். நல்ல வினா. லொறி ஓடுவது டீசலில். யுங்கர்ஸ் 207க்கு வாய்த்த அதே சலுகை அதற்கும் உண்டு. அத்தோடு அன்று அளந்து செலவிட்ட நிக்கல், இன்று சந்தையில் வாங்கக்கூடிய பொருள். ஆயினும் சுழலியின் அச்சு ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மீதே மிதந்து சுழல்கின்றது. நெடுந்தூரம் ஓடிவந்த வாகனத்தை நிறுத்தியவுடன் எஞ்சினையும் அணைத்தால், எண்ணெய் ஓட்டம் நின்றுவிடும். சுழலியோ இன்னும் சூடாகவே இருக்கும். நின்ற எண்ணெய் கருகி அச்சில் ஒட்டிக்கொள்ளும். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையில் ஓடும் பஸ்கள் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ தேநீருக்கு நிற்கும்போது, விவரமறிந்த சாரதி எஞ்சினை இரண்டொரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு இருக்கையிலேயே இருப்பார். டீசலை வீணாக்குகின்றார் என்று பின்னால் யாரேனும் முணுமுணுப்பர். சென்ற கிழமை அவ்வாறு முணுமுணுத்த முதியவர் ஒருவருக்கு இதே மாணவன் பக்கத்திலிருந்து விளக்கம் சொன்னானாம், அவர் நம்பவில்லையாம்.